மாலை போடாமல் வருகிறேன்

தம்பி,

'அன்புள்ள மகனுக்கு, இங்கு அனைவரும் நலம்' என்றுதான் முதலில் எழுதினேன். இந்த வீட்டில் இருபது வருஷமாக யாரும் நலமாக இல்லாததற்குக் காரணமானவன் அப்படி எழுதக் கை கூசியது. கிழித்துப் போட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ சிங்கப்பூரிலிருந்து பேசியபோது அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கை ஒழியாததால் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடை மேல் வைத்திருந்தாள். நான் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அது உனக்குத் தெரியாது. பத்திரிகை, மண்டபம், ஸ்ரீமுஷ்ணத்துப் பெண் வீட்டார் கேட்ட பட்டுப்புடவை நிறம் எல்லாம் பேசி முடித்த பிறகு நீ குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "அம்மா, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அவர மாலை போட்டுக்கச் சொல்லு. ஜோதிக்கு வேணாம், மாசி நட தெறப்புக்குப் போற மாதிரி இப்பவே போட்டுக்கட்டும். கல்யாணம் முடிஞ்சி மலைக்குப் போயிட்டு வந்து கழட்டிக்கட்டும். அப்பறம் அவர் இஷ்டம்." அம்மா தோசைக் கரண்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டேய், கல்யாணத்துல கறுப்பு வேட்டியோட நிப்பாராடா? பொண்ணு வூட்டுல இன்னா நெனப்பாங்க?" நீ யோசிக்கக்கூட இல்லை. "போட்டோவுல கறுப்பா நின்னா பரவால்லம்மா. தடுமாறாம நிக்கணும், அவ்ளோதான்."

சுப காரியத்தில் கறுப்பு ஆகாது என்று கறுப்பு ரிப்பன் கட்டிய குழந்தையைக்கூட நம் ஜனம் திருப்பி அனுப்பும். தன் கல்யாணத்தில் தகப்பன் கறுப்பு கட்டி நின்றாலும் சரி, அவன் வாய் நாறாமல் இருந்தால் போதும் என்று ஒரு பிள்ளை நினைக்கும்படி நான் வாழ்ந்திருக்கிறேன். தட்டில் இருந்த தோசையைச் சாப்பிட முடியவில்லை. கோபம் வந்து அல்ல. நீ கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதால்தான்.

ஆனாலும் தம்பி, நான் மாலை போட மாட்டேன். வெறும் கழுத்தோடுதான் உன் கல்யாணத்துக்கு வருவேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். "நீயே அவனிடம் சொல்லிவிடு" என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "நா சொன்னா நம்ப மாட்டான். உங்களுக்காக அவன்கிட்ட இத்தினி வருஷம் பொய் சொன்னவளே நான்தான். நீங்களே எழுதுங்க, உள்ளத எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். போனில் நான் பேசினால் நீ "அம்மாகிட்ட குடுங்க" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கார்த்திகை ஒன்றாம் தேதி நான் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வேன். அன்றைக்குக் காலையிலிருந்து நம் வீடே வேறு வீடாகிவிடும். நான்கு மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்து, விளக்கேற்றி, மஞ்சக்குப்பத்தில் இருக்கிற நம் மோட்டார் ரிப்பேர் கடையை எட்டு மணிக்கே திறந்துவிடுவேன். கை நடுக்கம் நின்று, மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுவது சுத்தமாக இருக்கும். அந்த இரண்டு மாதம் கட்டிய மோட்டார் எதுவும் எரிந்து திரும்பி வந்ததில்லை. சாயங்காலம் உனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பேன். உன்னை சைக்கிளில் வைத்து மைதானத்தைச் சுற்றி வருவேன். மாலை போட்டவர்களை எல்லோரும் 'சாமி' என்று கூப்பிடுகிற வழக்கம் இருக்கிறதே, அம்மா உட்பட வீட்டில் எல்லோருக்கும் நான் சாமிதான். நீயும் "சாமி, சாமி" என்று பின்னாலேயே வருவாய். தெருவில் எனக்கு ஏக மரியாதை. குடிகாரன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காலில் விழச் சொல்வார்கள். நானும் கூச்சமில்லாமல் ஆசீர்வாதம் செய்திருக்கிறேன். தீட்டு, கொரோனா என்று நடுவில் விட்டுப்போன வருஷங்கள் போகப் பதினாறு தடவை மலைக்குப் போனவன். இன்னும் இரண்டு வருஷத்தில் பதினெட்டாம் மலைக்குத் தென்னம்பிள்ளை எடுத்துக்கொண்டு போய்க் குருசாமி ஆகிவிடுவார் என்று பேசிக்கொள்வார்கள்.

மாலையைக் கழற்றுகிற நாளைப் பற்றி மட்டும் நம் வீட்டில் யாரும் பேசியதில்லை. தை பிறந்ததும் மலையிலிருந்து திரும்புவேன். வாசலில் தேங்காய் உடைத்து, அம்மா தன் கையால் மாலையைக் கழற்றிப் பூஜை அலமாரியில் வைப்பாள். நீ அரவணைப் பாயசம் டப்பாவைத் திறந்து நக்கிக்கொண்டிருப்பாய். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சட்டையை மாட்டுவேன். "செத்த கடைய பாத்துட்டு வந்துர்றேன்" என்பேன். எந்தக் கடை என்று அம்மா கேட்க மாட்டாள். மலையிலிருந்து இறங்கும்போதே என் மனசு அந்த மத்தியானத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். பம்பையில் குளிக்கும்போதே நாக்கு ஊறியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உள்ளதை எழுதச் சொல்லியிருக்கிறாள்.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அது. மாலையைக் கழற்றிய மறுநாளும் நீ என்னைச் சாமி என்றே கூப்பிட்டாய். "டேய், மாலை கழட்டியாச்சி, இனிமே அப்பான்னு கூப்பிடு" என்று அம்மா சொல்லியும் நீ விடவில்லை. குழந்தைக்குப் பழக்கம் போகவில்லை என்று நினைத்தோம். அன்று சாயங்காலம் நான் மைதானத்துக்குப் பின்பக்கம் இருந்த கடையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தேன். நீ தனியாக மைதானத்தைக் கடந்து அங்கே வந்து நின்றாய். பள்ளிக்கூட டிராயர், மேலே சட்டை இல்லை. கை இரண்டையும் கூப்பிக்கொண்டு, "சாமி, வீட்டுக்கு வாங்க சாமி" என்றாய். கடையே சிரித்தது. ஒருத்தன் டம்ளரைத் தூக்கிக்காட்டி, "சாமிக்கு இன்னொரு கட்டிங் குடுங்கப்பா" என்றான். இன்னொருத்தன் சரணம் போட்டான். நீ சிரிக்கவில்லை, அழவும் இல்லை. மறுபடியும் அதையே சொன்னாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாமி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அப்பா குடிக்க மாட்டார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். புரிந்தும் நான் எழுந்து உன்னோடு வரவில்லை. எழுந்து உன்னை அறைந்தேன். இந்த இடத்தில் முதலில் 'தட்டினேன்' என்று எழுதியிருந்தேன். அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "அறைஞ்சேன்னு எழுதுங்க" என்றாள். அறைந்தேன். அறைந்துவிட்டு உட்கார்ந்து மிச்சத்தைக் குடித்தேன்.

மைதானத்தில் விளையாடும்போது விழுந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாமி என்றும் இல்லை, அப்பா என்றும் இல்லை. "சாப்பிட வர்றீங்களா", "கையெழுத்து வேணும்", "கெளம்பறேன்" அவ்வளவுதான். அம்மாவுக்குக்கூட இது தெரியாமல்தான் இருந்தது. ஆண் பிள்ளை, வளர வளர அப்பனிடம் பேச்சு குறைவது சகஜம் என்று நினைத்துக்கொண்டாள். எனக்குத் தெரியும். இருபத்தொரு வருஷமாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காயிலைக் கட்டி முடித்ததும் வார்னிஷில் முக்கிக் காயவைப்போம். அந்த வாடை சட்டையில் ஏறினால் இரண்டு நாள் போகாது. குடித்துவிட்டு வந்த ஒவ்வொரு நாளும், அம்மா கேட்பதற்கு முன்பே, "வார்னிஷ் வாடைம்மா" என்பேன். மூக்கு இருக்கிற யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்வது எனக்கு ஒரு கதவைச் சாத்திக்கொள்வது மாதிரி. நீ இன்றுவரை நம் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஸ்பிரிட் வாடை அடிக்கிறது என்று ஹோமியோபதி மருந்தைக்கூடக் கீழே ஊற்றிவிடுவாய். உன் மூக்கை நான்தான் கெடுத்தேன்.

போன வருஷம் கார்த்திகையில் மாலை போட்ட மூன்றாம் நாள் கடையில் வலிப்பு வந்து விழுந்தேன். உன்னிடம் எனக்கு வெறும் காய்ச்சல் என்று சொன்னோம். ஆஸ்பத்திரியில் டாக்டர், தினமும் குடிக்கிறவன் ஒரேயடியாக நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், வயசாக ஆக உடம்பு தாங்காது, மருத்துவர் துணையில்லாமல் இனி இப்படி நிறுத்தாதே என்று திட்டிவிட்டுப் போனார். அங்கே ஒரு சிஸ்டர் இருந்தார்கள், என் வயசு இருக்கும். கழுத்து மாலையைப் பார்த்துவிட்டு, "வருஷா வருஷம் மாலை போட்டு நிறுத்தற ஆளா நீங்க?" என்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. "ஆமாம் சிஸ்டர், பதினாறு தடவ போட்டாச்சி. நாப்பத்தெட்டு நாள் தொடமாட்டேன்" என்றேன். ஊசியைப் போட்டுக்கொண்டே, "கழட்டுன அன்னிக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். கிண்டலாகக் கேட்கவில்லை. டிபன் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி கேட்டார்கள். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு நம்பரை எழுதி, "சிதம்பரத்துல ஞாயித்துக்கெழம கூட்டம் நடக்குது. குடிச்சி விட்டவங்களே நடத்தறாங்க. போயி உக்காந்து பாருங்க, யாரும் அட்வைஸ் பண்ண மாட்டாங்க" என்றார்கள். அந்தச் சீட்டைக் கடையில் இன்சுலேஷன் பேப்பர் கட்டுக்குள் செருகி வைத்தேன். மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றினேன். அன்று மத்தியானமே குடித்தேன். ஆனால் முதல் தடவையாக அது இறங்கவில்லை. சிஸ்டரின் கேள்வி தொண்டையிலேயே நின்றது.

அந்த வாரமே நம்பருக்கு போன் போட்டேன். முதலில் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு நிறுத்துங்கள், பிறகு வாருங்கள் என்றார் எதிர்முனையில் இருந்தவர். அப்படியே செய்தேன். ஊருக்குள் கூட்டம் இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். கடலூரில் என்னைத் தெரியாத நாய் கிடையாது. குடித்துவிட்டு நடுத்தெருவில் விழுந்து கிடக்கும்போது வராத வெட்கம், குடிக்காமல் இருக்கப் போகிற இடத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வந்தது. அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அம்மாவிடம் சிதம்பரத்தில் மோட்டார் வேலை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற அறை. சன்னல் வழியாக பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன. வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். கோயில் குளத்தங்கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

மறுவாரம் உள்ளே போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது வழக்கம். அதனால் மற்றவர்கள் கதை இதில் இருக்காது. ஒருவர் மட்டும், "என்னப் பத்தி தாராளமா எழுதுங்க. பேர மட்டும் போடாதீங்க, என் பொண்டாட்டிக்கே இன்னும் பாதிதான் தெரியும்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார். அவர் புவனகிரிப் பக்கம் விவசாயி. உள்ளே நுழைந்ததும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவருகிலேயே நின்றுவிட்டேன். அவருடைய போர்வெல் மோட்டார் என்னிடம் மூன்று தடவை காயில் கட்டிப் போய் மூன்று தடவையும் எரிந்தது. கடை வாசலில் நின்று என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியவர். அவர் எழுந்து பக்கத்து நாற்காலியைத் தட்டி, "வாங்க மேஸ்திரி, இங்க உக்காருங்க" என்றார். டீ கொடுக்கும்போது காதருகே சொன்னார்: "நீங்க குடிச்சிட்டு கட்டுனீங்க, நா குடிச்சிட்டு ஓட்டுனேன். மோட்டார் இன்னா பண்ணும், பாவம்."

ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுப் பேசினார்கள். என் முறை வந்தது. "எனக்கு அந்த அளவுக்கு இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். "மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள் சுத்தமா இருப்பேன். மனக்கட்டுப்பாடு இருக்குது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மறுத்தும் பேசவில்லை. கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது புவனகிரிக்காரர்தான் சொன்னார். "நானும் மாலை போட்டவன்தான் மேஸ்திரி. அந்த நாப்பத்தெட்டு நாளும் நாம குடிக்காம இல்ல. காத்துகினு இருந்தோம்." பஸ் வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தெய்வத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி. நான்தான் தெய்வத்தை வாட்ச்மேன் வேலைக்கு வைத்திருந்தேன். டியூட்டி முடிகிற நாளையும் நானே குறித்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் போனேன். மூன்று மாதம் ஒரு சொட்டு தொடவில்லை. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மா தானாகக் கவனித்து, "என்னாங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். நீ சித்திரையில் லீவில் வருகிறாய், உன் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும், நீயே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையில் இருந்ததும் ஒரு திமிர்தான் என்று இப்போது தெரிகிறது. நீ வந்த அன்று அவசரமாக ஒரு மோட்டாரை முக்கி வைத்துவிட்டு, சட்டைகூட மாற்றாமல் கடையிலிருந்து ஓடிவந்தேன். நீ வாசலில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாய். கையைப் பிடித்துக்கொள்ளக் கிட்டே வந்தேன். நீ மூச்சை இழுத்தாய். மூக்கு ஒரு தடவை சுருங்கியது. அரை அடி பின்னால் போனாய். நான் சொன்னேன்: "வார்னிஷ்டா."

உனக்கு அந்தச் சிரிப்பு நினைவிருக்கிறதோ என்னவோ, உதட்டு ஓரத்தில் லேசாக. எனக்கு மறக்காது. அன்றைக்கு நான் சொன்னது உண்மை, தம்பி. என் வாழ்நாளில் அந்த வார்த்தையை அன்றுதான் உண்மையாகச் சொன்னேன். ஆனால் அதே வார்த்தையை உன் குழந்தைப் பருவம் முழுக்கப் பொய்யாகச் சொன்னவன், அன்று மட்டும் நீ நம்ப வேண்டும் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு எதிர்பார்த்தேன்? மூன்று மாதக் கதையை அங்கேயே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'நான் பாடுபடுகிறேன், இவன் மோந்து பார்க்கிறான்' என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே போய்க் குடித்தேன். குடித்துவிட்டு வந்து உன் முன்னாலேயே விழுந்தேன். அம்மா அழுதாள். நீ உன் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை, பத்து நாள் லீவை நாலு நாளில் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். நீ மோந்து பார்த்ததால் நான் குடித்தேன் என்று கொஞ்ச நாள் எல்லோரிடமும் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். அது பொய். நான் குடிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன், நீ வந்து வாசலில் நின்றாய், அவ்வளவுதான். மோந்து பார்க்க உனக்கு எல்லா உரிமையும் உண்டு. இனிமேலும் உண்டு.

மூன்று வாரம் கூட்டத்துக்குப் போகவில்லை. ஒரு நாள் காலையில் புவனகிரிக்காரர் டிவிஎஸ்ஸில் ஒரு மோட்டாரைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பிரித்துப் பார்த்தால் அதில் ஒரு கோளாறும் இல்லை. "ஒண்ணும் இல்லியே" என்றேன். "மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல, மேஸ்திரிக்குத்தான். ஞாயித்துக்கெழம வாங்க" என்று சொல்லிவிட்டு, அதே மோட்டாரைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார். மறுபடி டாக்டர், மறுபடி மாத்திரை, மறுபடி அந்த நாற்காலி. அன்றுதான், எனக்கு அந்த அளவுக்கு இல்லை என்கிற பேச்சை விட்டேன். நான் ஒரு குடிநோயாளி என்று சொன்னேன். சொல்லும்போது காது மடல் சுட்டது. வைகாசியிலிருந்து இன்று மார்கழிவரை குடிக்கவில்லை, இந்தக் கார்த்திகையில் மாலையும் போடவில்லை. நாளைக்கு எப்படி என்று தெரியாது. இன்றைக்கு இல்லை.

அம்மா எப்படித் தெரிந்துகொண்டாள் என்று சொல்கிறேன். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சட்டய தேச்சிப் போட்டுகினு எந்த மோட்டாரப் பாக்கப் போறீங்க? மோட்டாரு பொடவ கட்டிகினு இருக்குதா?" என்று இரண்டு வாரம் குத்திக்காட்டினாள். ஆடி மாதத்தில் ஒரு நாள் எனக்குத் தெரியாமல் அதே பஸ்ஸில் பெண்கள் பக்கம் ஏறி உட்கார்ந்து பின்னாலேயே வந்திருக்கிறாள். சிதம்பரத்தில் எனக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டாளாம். அறை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். அன்று பார்த்து நான் உன்னை அறைந்த கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் செருப்பு வரிசைக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "எந்தக் கன்னம்?"

இடது கன்னம் என்றேன். எழுந்து போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு அந்தக் கன்னத்துக்கு அவள்தான் மஞ்சள் பற்றுப் போட்டாள், விளையாட்டில் கவனமில்லை என்று உன்னைத் திட்டிக்கொண்டே. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சோறு போட்டாள், பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டையை அவளே தேய்த்து வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போ என்கிறாள், அதுவே ஜாஸ்தி.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உன் கல்யாணத்துக்காக மாலை போட்டால் நான் குடிக்க மாட்டேன், நிச்சயமாக. கறுப்பு வேட்டியோடு தூண் மாதிரி நிற்பேன். ஆனால் போட்ட நிமிஷத்திலிருந்து கழற்றுகிற நாளை என் மனசு எண்ண ஆரம்பித்துவிடும். உன் கல்யாணம் எனக்கு அந்தக் கணக்கில் கழிகிற ஒரு நாளாகிவிடும். நீ தாலி கட்டுகிற நேரத்தில் இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போடுகிற அப்பனாக நிற்க எனக்கு விருப்பமில்லை. அப்படி நின்று பழகியவன், அதனால் பயப்படுகிறேன். வெறும் கழுத்தோடு நிற்பதுதான் எனக்குக் கஷ்டம். அதைத்தான் செய்ய வேண்டும்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். வரப்போகிற பெண்ணிடம் நல்லதைக்கூட ஒளித்து வைக்காதே. பிறகு காட்டி அசத்தலாம் என்று நான் ஒளித்து வைத்த மூன்று மாதம்தான் உன் லீவைக் கெடுத்தது. அவள் உன்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டால் ரோஷப்படாதே, பதில் சொல். ஒரே சாக்கை இரண்டு தடவை சொல்லாதே. மூன்றாவது தடவை அது உண்மையாகவே இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். உன் வீட்டுக்குள் யாராவது பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டால், அமைதியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. நான் இருபத்தொரு வருஷம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒரு விஷயம். முகூர்த்தம் திங்கட்கிழமை காலை. முதல் நாள் ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு அதே சிதம்பரம் மண்டபத்தில் ரிசப்ஷன் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறாய். அன்று சாயங்காலம் என் மச்சான்மார்கள் எங்காவது லாட்ஜில் ரூம் போட்டிருப்பார்கள், உனக்குத் தெரியாதா. சம்பந்தி வீட்டு ஆண்களைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, "மாமா, நீங்க இல்லாமலா, சும்மா வந்து உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். அதனால் எங்கள் கூட்டம் நடக்கிற ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை நான் மண்டபத்தில் இருக்க மாட்டேன். அப்பா எங்கே என்று யாராவது கேட்பார்கள். உன் கண் வாசலுக்குப் போகும். எட்டு வயசில் போன அதே மாதிரி போகும். நீ யாரையும் கடைக்கோ லாட்ஜுக்கோ தேடிப்போக அனுப்ப வேண்டாம். நான் மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற அறையில், சன்னல் ஓரத்து நாற்காலியில் இருப்பேன். பக்கத்தில் புவனகிரிக்காரர் இருப்பார்.

நம்பிக்கை வரவில்லை என்றால் நீயே வந்து பார். மாப்பிள்ளைக் கோலத்தில் வந்தாலும் பரவாயில்லை, அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். கதவைச் சாத்துவதில்லை, வாசலில் நின்றாலே தெரியும். அன்றைக்கு மைதானத்தைத் தாண்டி வந்து நீ கூப்பிட்டபோது நான் வரவில்லை. இந்தத் தடவை வாசலில் நின்று கூப்பிடு. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நீ யோசிக்க வேண்டியதில்லை. எதுவும் சொல்லாமல் செருமினாலும் போதும், எழுந்து உன்னோடு வந்துவிடுவேன்.